ஒரே கூரையின் கீழ் மேடையும் திரையும்

படம் ஓட்டும் ஒப்பரேட்டர் அறைச் சுவரில் எத்தனை துவாரங்கள் இருக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள்.

ஊரில் ஒரு பழைய மண்டபத்தின் வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் திறப்புவிழாக் கல்லில் தொடங்குவார்கள். கல்லில் இருப்பது திறந்து வைத்தவரின் பெயரும் ஒரு திகதியும்தான். நாடகம் எப்போது நின்றது, படம் எப்போது வந்தது, மேடை ஏன் சாமான் அறையாகிப் போனது என்ற கேள்விகளுக்குக் கல்லில் பதில் இல்லை. சுவரிலும் நிலத்திலும் கூரை மரத்திலும் இருக்கிறது. திருகோணமலையில் மேடையாகவும் தியேட்டராகவும் இருந்த இடங்களைப் பற்றி யாரிடம் கேட்டாலும் படங்களின் பெயர்களும் நடிகர்களின் பெயர்களும் வரும். மண்டபம் எப்படி வேலை செய்தது என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அதை எழுதுவதற்கு இன்னும் வழி இருக்கிறது. அளவு நாடா, ரோச் லைற், ஒரு கொப்பி, பென்சில் போதும்.

துவாரங்களுக்கு வருவோம். 35 மி.மீ. படம் காட்டும் மெசின் (புரொஜெக்டர்) இரண்டு வைத்து ஓட்டிய இடமென்றால் நான்கு துவாரம் இருக்க வேண்டும். மெசின் ஒன்றுக்கு இரண்டு: ஒளி போவதற்கு ஒன்று, ஒப்பரேட்டர் நின்று திரையைப் பார்ப்பதற்கு இன்னொன்று. ஒளி போகும் துவாரத்தின் நடு, நிலத்திலிருந்து ஏறத்தாழ 4 அடி. மெசினுக்கும் மெசினுக்கும் இடையில் ஏறத்தாழ 5 அடி. ஐந்தாவது துவாரம் இருந்தால் அது விளம்பரச் சிலைட்டுக்கோ, நாடகத்துக்கு ஒளிவட்டம் பாய்ச்சுவதற்கோ வைத்தது. இரண்டே இரண்டுதான் என்றால் ஒரே மெசின். ஒவ்வொரு றீல் முடியும்போதும் விளக்கைப் போட்டு மாற்றியிருப்பார்கள். அப்படிப்பட்ட மண்டபம் நாடகத்துக்காகக் கட்டப்பட்டது, படம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று ஊகிக்கலாம். துவாரமே இல்லாத மண்டபத்திலும் படம் ஓடியிருக்கலாம். 16 மி.மீ. மெசினை மேசையில் வைத்துக் கூட்டத்தின் நடுவிலிருந்தே ஓட்டலாம். 1962இல் வெளிவந்த இலங்கையின் முதல் தமிழ்ப் படமே 16 மி.மீ.இல் எடுக்கப்பட்டதுதான்.

துவாரத்தின் மேல்விளிம்பில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் இரும்புத் தவாளிப்பு தட்டுப்பட்டால், அதில் ஒரு இரும்புக் கதவு மேலிருந்து கீழே விழும்படி இருந்திருக்கிறது. பழைய படச்சுருள் நைத்திரேற்று. அது தீப்பிடித்தால் அணைக்க முடியாது. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். அதனால்தான் இரும்புக் கதவுகள் எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் கட்டி, மெசினுக்கு நேர்மேலே ஓர் ஈயக்கலவைக் கொளுவியில் தூக்கி வைத்தார்கள். ஏறத்தாழ 70 பாகை சூட்டில் கொளுவி உருகும், கதவுகள் ஒன்றாக விழும், புகை சபைக்குள் வராது. அறைக்கு வெளிப்படிக்கட்டு, வெளிப்பக்கம் திறக்கும் இரும்புக் கதவு, கொங்கிறீட் தட்டு எல்லாம் இந்த ஒரு பயத்தினால் வந்தவை. கொடாக் நிறுவனம் நைத்திரேற்றுச் சுருள் செய்வதை 1951இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் இரும்புக் கதவைக் கண்டவுடன் "1951க்கு முந்திய கட்டடம்" என்று எழுதிவிடாதீர்கள். கட்டட விதிகளும் மேசன்மாரின் பழக்கமும் அதற்குப் பிறகும் பல வருடம் அப்படியே இருந்தன. அது ஒரு சாட்சி மட்டும். வேறு இரண்டு சாட்சி வேண்டும்.

அதில் ஒன்று கூரையில் இருக்கும். மெசின் நின்ற இடத்துக்கு நேர்மேலே 6 அங்குலம், 8 அங்குல வட்டமாக அடைக்கப்பட்ட ஓட்டை இருந்தால் அது காபன் புகைக்குழாய் போன வழி. காபன் குச்சிகள் இரண்டின் நுனிக்கும் நடுவே பாயும் மின்பொறிதான் அந்தக் காலத்து விளக்கு. அறையைத் துப்புரவாக்கும்போது நிலத்துப் பிளவுகளில் செம்பு பூசிய கறுப்புத் துண்டுகள் கிடைக்கும். எறிந்துவிடாமல் விட்டத்தை அளந்து குறியுங்கள். 7 மி.மீ. துண்டும் 6 மி.மீ. துண்டும் சோடியாகக் கிடைத்தால் அந்த மெசின் 40 முதல் 50 அம்பியர் நேரோட்டத்தில் (டி.சி. மின்சாரத்தில்) எரிந்திருக்கும். 8 மி.மீ. என்றால் 60 அம்பியரைத் தாண்டியிருக்கலாம், திரையும் அதற்கேற்பப் பெரிதாக இருந்திருக்கும். நேரோட்டம் வேண்டுமென்பதால் பக்கத்தில் ஒரு சிறு அறையும் இருக்கும், ஆடலோட்டத்தை (ஏ.சி.) நேரோட்டமாக மாற்றும் கருவி அங்கேதான் நின்றது. நிலத்தில் தடித்த வயர் போன தவாளிப்பு அந்த அறையைக் காட்டித் தரும். காபனுக்குப் பதிலாகச் செனன் வாயு விளக்கு வந்த பிறகு புகைக்குழாய்க்குப் பதிலாகச் சூட்டை இழுக்கும் அகலமான குழாய் வந்தது. ஒரே கூரையில் சின்ன ஓட்டை அடைபட்டும் பெரிய ஓட்டை திறந்தும் இருந்தால் அந்த மாற்றம் இந்த மண்டபத்திலேயே நடந்திருக்கிறது.

காபன் காலத்தில் ஒப்பரேட்டருக்குக் கண்ணும் கையும் ஓயாது. நேர்க் காபன் வேகமாகத் தேயும், எதிர்க் காபன் மெதுவாகத் தேயும். இடைவெளி கூடினால் ஒளி நீலம் பாய்ந்து துடிக்கும், குறைந்தால் மஞ்சளாகி மங்கும். விளக்குக்கூட்டின் பக்கத்திலுள்ள சிறு கண்ணாடி வழியாகப் பொறியின் நிழல் ஒரு வெள்ளை மட்டையில் விழும். அதில் இரண்டு கோடு கீறி, பொறி அந்தக் கோடுகளுக்குள் நிற்கும்படி திருகியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். செம்புத் துளிகள் தெறித்துப் பின்னால் இருக்கும் குழியாடியில் புள்ளி விழும், நாளடைவில் ஒளி குறையும். "படம் இருட்டு" என்று முன்வரிசைக் கலரியிலிருந்து சத்தம் வந்ததற்குப் பாதிக் காரணம் இந்தப் புள்ளிகள்தான்.

1000 அடி றீல் 11 நிமிடம் ஓடும். செக்கனுக்கு 24 பிரேம், அடிக்கு 16 பிரேம், ஆக நிமிடத்துக்கு 90 அடி. மூன்று மணிநேரத் தமிழ்ப் படம் என்றால் 16,000 அடிக்கு மேல். இரண்டு றீலை ஒட்டி 2000 அடியாகச் சுற்றினால் 22 நிமிடத்துக்கு ஒருமுறை மெசின் மாற்றலாம். றீல் முடிய ஏறத்தாழ 8 செக்கன் இருக்கும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைக் கண்டதும் அடுத்த மெசினின் மோட்டரைப் போட வேண்டும். முடிவுக்கு ஒரு செக்கன் இருக்கும்போது இரண்டாவது புள்ளி வரும். அப்போது ஒளியையும் ஒலியையும் மாற்ற வேண்டும். பல ஊர் சுற்றி வந்த பிரதியில் றீலின் கடைசி அறுந்தறுந்து புள்ளியே போயிருக்கும். அதனால் ஒப்பரேட்டர்கள் ஆணியால் கீறித் தாங்களே புள்ளி வைத்தார்கள். பழைய பிரதிகளில் ஒரே மூலையில் நாலைந்து கீறல் மின்னுவது அதனால்தான்.

ஒலி வேறு கதை. சுருளின் ஓரத்தில் கோடாக ஓடும் ஒலியை வாசிக்கும் பகுதி, படவாயிலுக்கு (ஒளி சுருளின் ஊடாகப் போகும் சட்டத்துக்கு) ஏறத்தாழ 20 பிரேம் தள்ளிக் கீழே இருக்கிறது. படவாயிலில் சுருள் விட்டுவிட்டு நகர வேண்டும், ஒலித்தலையில் நழுவாமல் ஒரே சீராக ஓட வேண்டும். இரண்டையும் பிரிப்பதற்காக நடுவே சுருளைத் தளர்த்தி ஒரு வளையம் விடுவார்கள். வளையம் பெரிதாகிவிட்டால் ஒலி பிந்தும், சிறுத்தால் முந்தும். 3 பிரேம் பிசகினாலே வாயசைவு பொருந்தாது. மண்டபம் 24 மீற்றர் நீளமென்றால் ஒலி கடைசி வரிசைக்குப் போய்ச் சேர 0.07 செக்கன், அதாவது ஒன்றரைப் பிரேமுக்கு மேல் எடுக்கும். நல்ல ஒப்பரேட்டர் மண்டபத்தின் நடுவில் இருப்பவருக்குப் பொருந்தும்படி வளையத்தை விடுவார்.

இனி மேடைக்குப் போவோம். தியேட்டர் என்ற சொல்லுக்கு முதல் இங்கே இருந்தது கொட்டகை. இந்தியாவிலிருந்து வந்த நாடகக் குழுக்கள் காட்டிய பாணியில் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பாடி நடித்ததைக் கொட்டகைக்கூத்து என்றே சொன்னார்கள். தீட்டிய சீன்கள், பக்கத்தட்டிகள், மேலே உருண்டு போகும் முன்திரை எல்லாம் அந்த வழியில் வந்தவை. பழைய மண்டபத்தில் மேடைக்கு மேலே உள்ள குறுக்கு மரத்தைப் பாருங்கள். ஒரு சீனுக்கு மூன்று கப்பி: இரண்டு அந்தத்திலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. மூன்று கயிறும் ஒரே பக்கச் சுவருக்கு வந்து மரக்கொளுவியில் சுற்றப்படும். மரத்தில் கப்பித் தடங்களை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை சீன் தொங்கியது என்று கிடைக்கும். நான்கு சீன் இருந்தால் தர்பார், தெரு, காடு, வீடு என்று ஒரு முழு இரவு நாடகத்தை ஓட்டலாம். கயிறு உரசிய இடத்தில் மரம் வழுவழுப்பாகப் பள்ளமாகியிருக்கும். எந்தத் தடம் ஆழமோ அந்தச் சீன்தான் அதிகம் இறங்கியிருக்கிறது.

கொட்டியாரப் பக்கமும் தம்பலகாமமும் அறிந்த கூத்துக்கு இந்த மேடை பொருந்தாது. கூத்து வட்டக்களரிக்கு உரியது. நாலு பக்கமும் சனம் இருக்கும், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்பார், கூத்தர் வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். 7.5 மீற்றர் அகலமும் 5 மீற்றர் ஆழமும் உள்ள, ஒரு பக்கம் மட்டும் சபைக்குத் திறந்த படச்சட்ட மேடையில் அதே வட்டத்தை ஆடினால் நீள்வட்டமாகிப் பின்பாதி ஆட்டம் மறையும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது இதே சிக்கலுக்குத்தான் விடை தேடினார். விடிய விடிய ஆடுவது சுருக்கப்பட்டது, ஆட்டம் ஒரு பக்கத்துச் சபையை நோக்கித் திருப்பப்பட்டது. ஒரு மண்டபத்தில் கூத்து நடந்ததாகச் செய்தி கிடைத்தால், மேடையில் நடந்ததா, கதிரைகளை எடுத்துவிட்டு நிலத்தில் நடந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு கலை அனுபவம்.

நிலத்தின் சரிவும் பேசும். படத்துக்காகக் கட்டிய நிலம் பின்னுக்கு உயரும். நாடகத்துக்கும் கூட்டத்துக்கும் விருந்துக்கும் என்று கட்டிய பொது மண்டபம் தட்டையாக இருக்கும். தட்டை நிலத்தில் பின்னால் மட்டும் பலகை அடித்து உயர்த்தியிருந்தால் படம் பிறகு வந்தது. கதிரைக்கால் ஆணித் துவாரங்களைச் சீமெந்தில் தேடுங்கள். முன்பக்கம் துவாரம் இல்லாத வெறும் நிலம் கலரி, அங்கே வாங்கு போட்டிருப்பார்கள். இடைவெளி அகலமாகும் இடத்தில் இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, பிறகு ஓ.டி.சி. என்ற வகுப்பு, மேலே பல்கனி. சமூகம் எந்த வரிசையில் உட்கார்ந்தது என்பதை அந்த ஆணித் துவாரங்கள் அங்குலக் கணக்கில் வைத்திருக்கின்றன.

எங்கள் கணிப்பில் இந்த மண்டபங்களின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் பேசும்படம் வந்ததல்ல, சினிமாஸ்கோப் வந்ததுதான். 1953இல் உலகத்துக்கு வந்த அகலத்திரை, மெல்ல மெல்ல எங்கள் பக்கத்து மண்டபங்களுக்கும் வந்தபோது மேடையை அது விழுங்கியது. கணக்கைப் பாருங்கள். லென்ஸின் குவியத் தூரம் காண, மெசினிலிருந்து திரைக்குள்ள தூரத்தைப் படவாயில் அகலத்தால் பெருக்கித் திரையின் அகலத்தால் வகுக்க வேண்டும். தூரம் 24 மீற்றர், படவாயில் 21 மி.மீ., திரை 5 மீற்றர் என்றால் ஏறத்தாழ 100 மி.மீ. லென்ஸ். படத்தின் உயரம் 3.6 மீற்றர். 7.5 மீற்றர் அகல மேடை முகப்புக்குள் இது அழகாக உட்காரும், இரு பக்கமும் திரைச்சீலைக்கு இடமும் மிஞ்சும். அதே லென்ஸின் முன்னே ஸ்கோப் வில்லையை மாட்டினால் படம் இரட்டிப்பாக விரிந்து 10 மீற்றரைத் தாண்டிவிடும். முகப்புத் தூணில் கதாநாயகனின் பாதி முகம் விழும்.

அப்போது மூன்று வழிதான். ஒன்று, 136 மி.மீ. லென்ஸ் வாங்கிப் படத்தை 7.5 மீற்றருக்குள் அடக்குவது. அப்படிச் செய்தால் உயரம் 3.2 மீற்றராகக் குறையும். அகலத்திரை என்று விளம்பரம் போட்டுவிட்டுப் பழைய படத்தைவிடக் குள்ளமாகக் காட்ட வேண்டி வரும். இரண்டாவது, தூண்களை இடித்து முகப்பை அகலமாக்குவது. செலவும் கூரைப் பாரமும் இடம் கொடுக்காது. மூன்றாவது, முகப்புக்கு முன்னால் நிலையான சட்டம் அடித்துத் திரையைச் சபைப் பக்கம் கொண்டுவருவது. மலிவானது இதுதான், ஒரு கிழமையில் முடியும். மேடை திரைக்குப் பின்னால் போய்விடும். ஒலிபெருக்கிக் கூடுகள் அங்கே நிற்கும், பிறகு உடைந்த கதிரைகள், பிறகு விளம்பரத் தட்டிகள். இந்தக் கணக்குப்படி பார்த்தால், நாடகத்துக்கு ஆர்வம் குறைந்ததால் மேடை மூடப்படவில்லை. மேடை மூடப்பட்டதால் நாடகம் பள்ளிக்கூட மண்டபங்களுக்கும் கோயில் வீதிக்கும் போனது. மண்டபத்தில் முகப்புக்கு முன்னால் இரும்புச் சட்டம் பதித்த துவாரங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வருடத்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

படவாயில் தகடு கிடைத்தால் பத்திரம். உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகத் துண்டு, நடுவில் நீள்சதுர வெட்டு. கடையில் வாங்கும்போது வெட்டு சிறிதாக இருக்கும். ஒப்பரேட்டர் வெறும் ஒளியைத் திரையில் விட்டு, ஓரத்துக் கறுப்புத் துணியைத் தொடும்வரை சிறு அரத்தால் ராவிக்கொண்டே போவார். பல்கனியிலிருந்து சரிந்து விழும் ஒளி திரையில் கீழ்ப்பக்கம் அகன்று விழும். அதை நேராக்க, தகட்டின் இரு ஓரத்தையும் சரிவாக ராவுவார். படம் தலைகீழாகப் போவதால் தகட்டில் மேல்பக்கம் குறுகலாக வர வேண்டும். ஆக அந்தத் தகடு அந்த மண்டபத்துக்கு மட்டும் பொருந்தும். வெட்டின் மேலகலத்தையும் கீழகலத்தையும் வேர்ணியர் அளவுகோலால் அளந்தால், இடிக்கப்பட்டுவிட்ட மண்டபத்தில்கூட ஒளி எவ்வளவு சரிவாக விழுந்தது என்று கணக்கிடலாம்.

கடதாசிச் சாட்சிகளுக்கு வந்தால், எங்கே தேடுவது என்பது வருடத்தைப் பொறுத்தது. சிற்றம்பலம் கார்டினர் 1928இல் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸ் முதலாகத் தனியார் கம்பனிகள்தான் படங்களை இறக்கி ஊர்களுக்கு அனுப்பின. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தபிறகு இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. ஆகவே 1972க்கு முந்திய படப்பெட்டிக் கணக்கைக் கூட்டுத்தாபனத்தில் தேடிப் பயனில்லை. 1920களின் இறுதியில் கல்ஓயாவிலிருந்து ரயில்பாதை திருகோணமலைக்கு வந்துவிட்டது, படப்பெட்டி ரயிலில் வரக்கூடிய ஊர் இது. 1000 அடி றீல் தகரக்கூட்டோடு 3 கிலோவளவு. ஒரு முழுப் படம் 50 கிலோ. பெட்டி ஏற்றிய ரயில் பற்றுச்சீட்டு எங்காவது வீட்டு அலுமாரியில் கிடைத்தால் அதில் நிறை, திகதி, அனுப்பிய ஊர் மூன்றும் இருக்கும். நிறையைப் பார்த்து அனுப்பியது முழுப் படமா, செய்திப்படமா என்று சொல்லிவிடலாம்.

நாடகத்துக்கு 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம் இருந்தது. அரங்கேறுமுன் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதங்கள் நாடகக்காரர் வீட்டுக் கோப்புகளில் இருக்கக்கூடும், கடிதத்தின் திகதியை அரங்கேற்றத் திகதியோடு குழப்பக்கூடாது. ரிக்கற் துண்டுகளைத் தேடும்போது 1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டத்தை நினைவில் வையுங்கள். விலையையும் வரியையும் பிரித்து அச்சிட்ட ரிக்கற் அதற்குப் பிந்தியது. காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடும்போது ஆளின் பெயரைவிடக் காணியின் பெயரும் எல்லைகளும்தான் உதவும், ஏனென்றால் மண்டபம் கைமாறியிருக்கும், கிழக்கெல்லை வீதி மாறியிருக்காது.

பத்திரிகையில் வீரகேசரி 1930 முதலும் தினகரன் 1932 முதலும் கிடைக்கும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கட்டுகளாக இருக்கின்றன. பல இதழ்களும் விழா மலர்களும் 'நூலகம்' என்ற இணையத்தளத்திலும் இருக்கின்றன. சினிமா விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் ஊர்ப்பெயரும் தியேட்டர் பெயரும் வரிசையாக வரும். தீபாவளி, பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு வாரங்களை முதலில் பாருங்கள், அந்த வாரங்களில்தான் எல்லா ஊரும் விளம்பரத்தில் வரும். அந்தப் பொடி எழுத்தில் ஒரு மண்டபத்தின் பெயர் முதலில் வரும் வாரமும் கடைசியாக வரும் வாரமும் கிடைத்தால், கல்லில் இல்லாத இரண்டு திகதி கையில் வந்துவிடும். விழா மலர்களில் பிற்பக்க விளம்பரங்களைத் தவறவிடாதீர்கள். கோயில் மலருக்கும் பள்ளிக்கூட மலருக்கும் தியேட்டர்காரர்கள் விளம்பரம் கொடுப்பார்கள், அதில் முகவரியும் சிலவேளை முகப்புப் படமும் இருக்கும்.

துறைமுகம் இந்த ஊரின் வரலாற்றில் எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ஆங்கிலேயக் கடற்படைத் தளம் 1957இல்தான் கைமாறியது. அதுவரை ஆங்கிலப் படத்துக்குக் காசு கொடுக்கக்கூடிய ஒரு கூட்டம் ஊரில் இருந்தது என்பதை வரவு செலவைக் கணிக்கும்போது மறக்கக்கூடாது. பிறகு 1979இல் ஒரு தொலைக்காட்சி நிலையம், 1982இல் இன்னொன்று, அதோடு வீடியோ டெக், 1983க்குப் பின் ஊரடங்கும் இடப்பெயர்வும். இரவுக் காட்சியில் வாழ்ந்த தொழில் இரவே இல்லாமல் எப்படி நடக்கும். இந்தப் பகுதியை எழுத ஊரில் பலர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

மீண்டும் மேடையும் படமும் ஒன்றாக வேண்டும் என்று நினைக்கிற இளம் பிள்ளைகளுக்கு இரண்டு விடயம். முதலாவது எதிரொலி. 24 மீற்றர் நீளம், 14 மீற்றர் அகலம், 7 மீற்றர் உயரம் என்று ஒரு மண்டபத்தை எடுத்தால் 2352 கனமீற்றர். இதை 0.161ஆல் பெருக்கி, மண்டபத்துக்குள் ஒலியை உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால் எதிரொலி எத்தனை செக்கன் நிற்கும் என்று வரும். வெறும் சுவர், மரக்கதிரை, திரைச்சீலை எல்லாம் சேர்ந்து 140 அலகு என்று வையுங்கள்: 2.7 செக்கன். ஒத்திகையில் ஒரு வசனமும் விளங்காது. 400 பேர் வந்து உட்கார்ந்தால் ஆளுக்கு 0.45 வீதம் 180 அலகு கூடும்: 1.2 செக்கன். வசனம் தெளியும். இது தெரியாமல் ஒத்திகையைக் கேட்டுப் பயந்து ஒலிபெருக்கியைக் கூட்டினால் குழப்பம்தான் கூடும். நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமென்றால் பின்சுவரில் தொடங்குங்கள், மேடையிலிருந்து போகும் ஒலி அங்கே மோதித்தான் திரும்பி வருகிறது. 2 அங்குலக் கல்நார்ப் பஞ்சுப் பலகை என்று யாராவது பழையதைக் கொண்டுவந்தால் வேண்டாம், அஸ்பெஸ்டஸ் உயிருக்கு ஆபத்து. கண்ணாடிப் பஞ்சோ பாறைப் பஞ்சோ போட்டு மேலே துணி கட்டுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 2 அங்குல வெளி விட்டால் ஆண்குரலின் தாழ்ந்த பகுதியையும் பிடிக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் ஈரம் சுவரிலிருந்து பஞ்சுக்குள் ஏறாமல் இருப்பதற்கும் அந்த வெளி வேண்டும்.

இரண்டாவது திரை. நிலையான சட்டம் அடிக்க வேண்டாம், அந்தப் பிழை ஒருமுறை நடந்துவிட்டது. உருளையில் சுற்றும் திரையை முகப்புக்குப் பின்னால், முன்திரைக்கு அடுத்த மரத்தில் தொங்கவிடுங்கள். ஒலிபெருக்கிகளைச் சில்லு வைத்த தட்டில் ஏற்றினால் இரண்டு பேர் பத்து நிமிடத்தில் பக்கத்துக்குத் தள்ளலாம். 7.5 மீற்றர் அகல ஸ்கோப் படத்துக்குப் பரப்பு 24 சதுர மீற்றர். டிஜிற்றல் சினிமாவுக்குச் சொல்லப்பட்ட வெளிச்சம் சதுர மீற்றருக்கு 48 கண்டெலா. அதைப் பையாலும் (π, அதாவது 3.14) பரப்பாலும் பெருக்கினால் ஏறத்தாழ 3600 லுமென் திரையில் விழ வேண்டும். துவாரக் கண்ணாடியில் போவது, விளக்கு பழசாவது, ஸ்கோப் படத்தில் வீணாகும் மேல் கீழ்ப் பகுதி எல்லாம் பார்த்தால் 6000 லுமென் உள்ள மெசின் வாங்க வேண்டும். அதற்கு மேல் காசைக் கொட்டத் தேவையில்லை. துவாரத்துக்கு யன்னல் கண்ணாடி போட்டால் படம் பச்சை பாயும். தெளிந்த கண்ணாடியை வாங்கி, ஒளி மெசினுக்குள்ளேயே திரும்பாதபடி சில பாகை சரித்துப் பொருத்துங்கள். கடலுக்கு இவ்வளவு கிட்டிய ஊரில் மெசினைக் கொல்வது உப்பு. காற்று இழுக்கும் வடிகட்டியை, காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அறைக்குள் ஈரத்தைக் குறைக்கும் கருவி ஒன்று காட்சி இல்லாத நாட்களிலும் ஓட வேண்டும்.

பழைய படச்சுருள் துண்டுகள் அகப்பட்டால் முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் அடித்தால் அது அழியத் தொடங்கிவிட்டது, மற்றச் சுருள்களையும் கெடுக்கும். காற்றுப் போகும் மட்டைப்பெட்டியில் தனியே வையுங்கள், பொலித்தீனில் கட்டவேண்டாம்.

வயதான ஒப்பரேட்டர் ஐயாமாரைச் சந்திக்கும்போது "எந்த வருடம்?" என்று கேட்டால் அவர் தடுமாறுவார். ஒரு காபன் துண்டையோ படவாயில் தகட்டையோ கையில் கொடுத்து "இதை எப்படிப் போடுவீங்க, ஐயா?" என்று கேளுங்கள். கை தானாகச் செய்து காட்டும். செய்துகொண்டே எந்தப் படத்துக்கு எந்தப் பிழை வந்தது, அன்று மனேச்சர் யார், மழையா வெயிலா என்று வந்துகொண்டிருக்கும். குரலை மட்டும் பதியாமல் கைகளையும் வீடியோவில் எடுங்கள்.

ஒப்பரேட்டர் அறையின் உட்சுவரைக் கடைசிக்கு விட்டிருக்கிறேன். மெசின் மாற்றும் நேரத்தையும், காபன் தீர்ந்த நாளையும், றீல் இலக்கத்தையும் கையெட்டும் இடத்தில் பென்சிலால் எழுதி வைப்பது எங்கும் இருந்த பழக்கம். சுண்ணாம்பு அடிப்பவர் வருவதற்கு முதல் நாள், அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, ஒவ்வோர் அடியாகப் படமெடுங்கள். நேரே பிடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் பிடித்தால் பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாக எழும், ஒருமுறை வெள்ளை அடித்த சுவரில்கூட. படத்தின் ஓரத்தில் அளவுகோல் தெரியட்டும், சுவரின் எந்தப் பக்கம், நிலத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று கொப்பியில் எழுதுங்கள்.